ஓடைக்கரையில் மருந்தடிக்காத வருஷம்

அரநாயக்கப் பக்கத்து மலையில் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயம் மண் சரிந்து உள்ளே போன நாளில் நாங்கள் மூன்று பேரும் வீட்டில் இல்லை. கேகாலைக்கு இந்தப் பக்கம் ஒரு இறப்பர் தோட்டத்தில் இருந்த என் நாத்தனார் வீட்டு விசேஷத்துக்கு வந்திருந்தோம். நானும் என் கணவரும் மகளும். மறுநாள் திரும்பிப் போக பஸ் பார்க்கும்போதுதான் சேதி வந்தது. போவதற்கு வீடும் இல்லை, பக்கத்து வீடுகளும் இல்லை. அப்படியே நாத்தனார் லயத்தில் காலியாகக் கிடந்த ஒற்றை அறைக் காம்பராவில் தங்கியவர்கள்தான் நாங்கள்.

கொழுந்து பறித்த கைக்கு இறப்பர் மரத்தில் பால் வெட்டப் பழகுவது லேசான காரியமில்லை. கத்தி கொஞ்சம் ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம், மேலோட்டமாகப் போனால் பால் வராது. ஆனாலும் பழகிவிட்டேன். கணவருக்கு கேகாலை டவுனில் நம்மாள் ஒருவரின் பலசரக்குக் கடையில் வேலை கிடைத்தது. மகள் பள்ளிக்கூடம் போனாள். எல்லாம் ஒரு மாதிரி ஒழுங்காகிவிட்டது, ஒன்றைத் தவிர. லயத்துக்குக் கீழே ஒரு ஓடை ஓடியது. அந்தத் தண்ணீர்ச் சத்தம் எனக்கு ஆகவில்லை.

சின்ன ஓடைதான். முழங்கால் அளவு தண்ணீர். இந்தப் பக்கம் எங்கள் இறப்பர் மலை, அந்தப் பக்கம் சிங்களக் கிராமத்து நாட்டாளுங்க வயல். மற்றப் பெண்களெல்லாம் அங்கேதான் குளிப்பார்கள், துவைப்பார்கள். நான் மட்டும் லயத்துப் பைப்பில் வரிசையில் நின்று வாளியில் பிடித்துக் குளிப்பேன். மழை பிடித்தால் மகளை இழுத்துக்கொண்டு மேலே பிள்ளைக் காம்பராவுக்கு ஓடிவிடுவேன். அங்கே பிள்ளைகளைப் பார்க்கிற ஆயாவுக்கு என் நிலைமை தெரியும். ஒன்றும் கேட்கமாட்டாள், பாயை விரித்துப் போடுவாள்.

ஒரு வருஷம் மழை பொய்த்தது. பைப்பில் தண்ணீர் நூலாக வந்து, பிறகு அதுவும் நின்றது. ஓடையைத் தவிர வேறு வழியில்லை. குடத்தையும் வாளியையும் எடுத்துக்கொண்டு, இறங்குவதா வேண்டாமா என்று மரத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு இறங்கினேன்.

வெளியே வெயில் கொளுத்தியது, உள்ளே குளிர்ந்து கிடந்தது. இரண்டு கரையிலும் தாழை, சேம்பு, கிழங்கு கறிக்கு ஆகும் கொஹிலாச் செடி. மேலே மரங்கள் கவிந்து கூரை போல நின்றன. தண்ணீர் வற்றி அங்கங்கே குட்டையாகத் தேங்கியிருந்தது. அடியில் ஒவ்வொரு கூழாங்கல்லும் தெரிந்தது. வாளியை முக்கித் தூக்கினேன். உள்ளே ஏதோ சிவப்பாகத் துள்ளியது. பழுத்த இலை என்று நினைத்துக் கையை விட்டால், மீன்!

என் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. உடம்பெல்லாம் செம்மண் கலந்த சிவப்பு. நடு விலாவில் ஒரு கறுப்புத் திட்டு, வால் தொடங்குகிற இடத்தில் இன்னொன்று. மகளுக்குக் காட்டலாம், போத்தலில் போட்டு வைக்கலாம் என்று வாளியோடு கரை ஏறப் போனேன். வயல் பக்கமிருந்து ஒரு குரல் சிங்களத்தில் கத்தியது.

"நங்கி! அரங் யன்ன எப்பா!"

தங்கச்சி, எடுத்துக்கொண்டு போகாதே என்கிறாள். வரப்பில் மண்வெட்டியோடு ஒரு பெண் நின்றாள். என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது கூட இருக்கும். நான் பயந்தே போனேன். நாட்டுப் பக்கத்து ஓடையில் தண்ணீர் அள்ளியதற்குச் சண்டைக்கு வருகிறாளோ என்று நினைத்தேன்.

"தண்ணிதான் எடுக்குறேன் அக்கே," என்று நானும் சிங்களத்தில் சொன்னேன்.

"தண்ணிய எவ்வளவு வேணாலும் எடு. அந்தப் பெத்தியாவ விட்டுட்டுப் போ. அது இந்த எலயில மட்டும்தான் இருக்கு. உலகத்துல வேற எங்கயும் இல்லையாம்."

எல என்றால் ஓடை. பெத்தியா அந்தச் சின்ன மீன். உலகத்தில் வேறெங்கும் இல்லை என்று சொன்னதை நான் நம்பவில்லை. ஓடை என்றால் எல்லாம் ஒரே ஓடைதானே, மீன் என்றால் மேலே கீழே போகாதா? ஆனாலும் அவள் இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டே நின்றதால் வாளியைச் சாய்த்தேன். அது ஒரு நொடி என் கால்விரலுக்குப் பக்கத்தில் நின்றது. பிறகு தாழை வேருக்குள் போய்விட்டது.

பைப்பில் தண்ணீர் திரும்ப வருவதற்குள் அவளும் நானும் நன்றாகப் பழகிவிட்டோம். புருஷன் இல்லாதவள், அந்தத் துண்டு வயலைத் தனியாகத்தான் பார்த்தாள். நான் அவளை அக்கே என்று கூப்பிட்டேன், அவள் என்னை நங்கி என்றாள். கொஹிலாக் கிழங்கு பிடுங்கித் தருவாள். நான் முருங்கைக்கீரை கொண்டுபோய்க் கொடுப்பேன். பைப் சரியான பிறகும் நான் ஓடைக்குப் போவதை நிறுத்தவில்லை. ஏனென்று என் கணவர் கேட்டார். "அங்க குளிர்ச்சியா இருக்குங்க," என்றேன். மீனைப் பார்க்கத்தான் போகிறேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

அக்கே சொன்னது உண்மைதான் என்று எனக்குச் சொன்னது மிஸ். கொழும்புப் பக்கத்துப் பல்கலைக்கழகத்திலிருந்து மீனைப் பற்றிப் படிக்க வந்த சின்னப் பெண். சிங்களப் பெண், தமிழில் "வணக்கம் அக்கா, சாப்பாடு" என்கிற மூன்று சொல்தான் தெரியும்; மற்றப் பேச்செல்லாம் எங்களுக்குள் சிங்களம்தான். முழங்காலுக்கு மேல் காற்சட்டையைச் சுருட்டிக்கொண்டு நாள் முழுக்கத் தண்ணீரில் நிற்பாள். தோட்டத்து ஆட்களிடம் பேச ஆள் வேண்டும், தான் இல்லாத நாட்களில் காலையில் ஓடையைப் பார்த்துச் சொல்லவும் ஆள் வேண்டும் என்றாள். அக்கே என் பக்கம் கை காட்டினாள்.

அவளோடு நின்றபோதுதான் அந்த மீனின் வாழ்க்கை எனக்குப் புரிந்தது. சிவப்பாக இருப்பது ஆண். பெண் கொஞ்சம் வெளுத்து, பச்சை கலந்து, வயிறு உருண்டிருக்கும். காலையில் மரங்களுக்கிடையே வெயில் விழும் நேரத்தில் ஆணின் சிவப்பு இன்னும் கூடும். பெண்ணின் விலாவோடு ஒட்டிக்கொண்டு கரையோரம் கொண்டுபோகும். தண்ணீருக்குள் தொங்கும் வேர்களிலும் செடிகளிலும் பெண் முட்டையைச் சிதறவிடும். அதோடு சரி. கூடு கட்டாது, காவல் நிற்காது. மற்ற மீன் தின்றதுபோக, மண் மூடியதுபோக, மிஞ்சியதுதான் குஞ்சு.

"அப்போ அந்த வேரு இல்லாட்டி?" என்று கேட்டேன்.

"வேர் இல்லாட்டி முட்டை எல்லாம் கீழ விழும் அக்கா. சேத்துல விழுந்தா மூச்சு முட்டிடும். அதுதான் இந்தக் கரை முக்கியம்."

கல்லில் படியும் பாசியையும், அழுகிய இலையையும், கண்ணுக்குத் தெரியாத பூச்சிகளையும்தான் அது தின்கிறது. வெயில் நேரே விழுந்தால் தண்ணீர் சூடாகிவிடும், அதற்குத் தாங்காது. வேகமாக ஓடும் இடத்திலும் இருக்காது, ஓட்டமே இல்லாத இடத்திலும் இருக்காது. கீழே கொஞ்ச தூரம் போனால் வேறு மீன்கள், வேறு தண்ணீர். இதற்கு வேண்டியதெல்லாம் சேர்ந்து இருந்தது இந்தத் துண்டு ஓடையில்தான். போதாததற்கு, கண்ணாடித் தொட்டியில் வைத்து அழகு பார்க்கிறவர்களுக்கு விற்க வெளியூரிலிருந்து ஆட்கள் வலையோடு வருவார்களாம். ஒரு தடவை அக்கே மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர்களை அவர்கள் வந்த வான் வண்டி வரைக்கும் துரத்தியிருக்கிறாள். அதனால்தான் அன்றைக்கு என் வாளியைப் பார்த்ததும் அந்தக் கத்தல்.

ஓடையைப் பற்றிய போர்டு ஒன்றை மிஸ்ஸும் அவள் பல்கலைக்கழகத்து ஆட்களும் ரோட்டோரம் நட்டபோது லயத்தில் முணுமுணுப்பு தொடங்கியது. "மீனுக்குப் போர்டு வச்சிருக்காங்க, நம்ம கூரைக்குத் தகரம் கேட்டு எத்தன வருஷமாச்சு?" என்றார்கள். என் கணவரும் ஒருநாள் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்.

"அந்த மீனு எங்க பொறந்துச்சோ அங்கயே இருக்கணும்னு படிச்சவங்கல்லாம் வந்து பாடுபடுறாங்க. நம்ம வீடு போனப்ப எவன் வந்தான்?"

அவர் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னேன்: "அதுக்கு மீனு என்னங்க செய்யும்?" அவர் சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு நான் ஓடைக்குப் போகிற காலைகளில் மகளுக்குத் தலை பின்னிவிடுவது அவர் வேலையாயிற்று. கோணல் மாணலாகத்தான் பின்னுவார். அவள் பள்ளிக்கூடம் போகிற வழியில் அவிழ்த்துக்கொள்வாள்.

அந்த வருஷக் கடைசியில் ஓடையோரத்து மலையில் பழைய மரங்களை வெட்டிவிட்டுப் புதுக் கன்று நடப்போகிறார்கள் என்று பேச்சு வந்தது. பால் வற்றிய மரங்கள், வெட்டத்தான் வேண்டும். ஆனால் தண்ணீர் விளிம்பு வரைக்கும் வெட்டி, புல்லுக்கு மருந்தடித்து, சுத்தமாக்குவதாக இருந்தார்கள். மிஸ் தோட்ட மானேஜர் தொரையைப் போய்ப் பார்த்தாள். தொரை மரியாதையாக உட்காரவைத்து, டீ கொடுத்து, யோசிக்கிறேன் என்று அனுப்பிவிட்டார்.

"அக்கா, நான் வெளி ஆள். நீங்க சொன்னா வேற மாதிரி இருக்கும்," என்றாள் மிஸ்.

காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் தொரை வந்து நின்ற ஒரு நாள், எல்லாரும் இருக்கும்போதே கேட்டேன்.

"தொரை, ஓடைக்கரை மரத்த மட்டும் விட்டுருங்க. அதுக்குக் கீழ உள்ள புல்லுக்கு மருந்து அடிக்க வேணாம். நாங்க கையால வெட்டித் தர்றோம்."

"மீனுக்காகவா?" என்றார். அவர் யாழ்ப்பாணமும் இல்லை, மலைநாடும் இல்லை, கொழும்பில் வளர்ந்தவர். தமிழ் நன்றாகவே பேசுவார்.

"மீனுக்காகவும்தானுங்க. ஆனா அந்தக் கரைக்கு மேல எங்க லயம் இருக்கு. மரத்த எடுத்தா வேரு செத்துரும். வேரு செத்தா கரை எறங்கும். நான் வந்த எடத்துல என்ன நடந்துச்சுன்னு தொரைக்குத் தெரியும்."

நான் அழக்கூடாது என்று நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தொரை தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார்.

"அந்தக் கரை எனக்கும் யோசனையாத்தான் இருக்கு," என்றார். "மரம் நிக்கட்டும். ஆனா மருந்துன்னா ரெண்டு ஆள் முடிச்சிருவாங்க. கையால வெட்ட எத்தனை பேர் போடறது?"

பின்னாலிருந்து என் நாத்தனார் குரல் கொடுத்தாள்: "மழை நாளையில பால்வெட்டு இல்லாம சும்மாதான் இருக்கோம் தொரை. அந்த நாளையில போடுங்க. எங்களுக்கும் பேரு விழும்."

பேரு விழும் என்றால் அன்றைய சம்பளம் உண்டு என்று அர்த்தம். பெண்களெல்லாம் ஆமாம் ஆமாம் என்றார்கள். தொரை ஒரு வருஷம் பார்ப்போம் என்றார்.

அந்த ஒரு வருஷத்தில் அவர்கள் என்னைத் திட்டாத திட்டில்லை. மழை ஈரத்தில் ஓடைக்கரை புல் வெட்டினால் அட்டை கடிக்காமல் என்ன செய்யும்? சவர்க்காரத்தைக் காலில் குழைத்துப் பூசிக்கொண்டு, "ஒன் மீனு எங்க ரத்தத்துலதான் சிவப்பாவுது பாரு," என்று கேலி செய்வார்கள். ஆனால் வேலை நடுவே தண்ணீருக்குள் எட்டிப் பார்க்காதவள் ஒருத்தி இல்லை. "இந்தா, ஒன்னோட மாப்பிள்ளை வந்துட்டாரு" என்று சிவந்த ஆணைக் காட்டிச் சிரிப்பார்கள்.

அக்கேவும் அவள் பங்குக்கு ஒன்று செய்தாள். வயல் தண்ணீர் நேரே ஓடைக்கு வடிவதை மறித்து, ஒரு வாய்க்காலைச் சுற்றிவிட்டு, கொஹிலாச் செடிகளுக்குள் தேங்கி ஊறிய பிறகு ஓடைக்கு வரும்படி வெட்டினாள். "மருந்து அடிக்காம நெல்லு முழுசா வராது நங்கி, நான் பொய் சொல்லமாட்டேன். ஆனா நேரா ஓடைக்குள்ள விடமாட்டேன்," என்றாள். மிஸ் அந்த யோசனையைக் கேட்டு மகிழ்ந்து, எவ்வளவு ஆழம் வேண்டும் என்று சொல்லி, தானும் மண்வெட்டி பிடித்து உதவினாள். கை கொப்புளித்ததுதான் மிச்சம்.

பிறகு அந்தப் பெருமழை வந்தது. நாள் கணக்கில் விடாமல் பெய்தது. பள்ளிக்கூடம் மூடி, ரோடு அங்கங்கே உடைந்து, கேகாலைக்கு பஸ் இல்லை. எங்கள் கரை நின்றது. வேர் பிடித்த இடத்தில் ஒரு கூடை மண்கூட விழவில்லை. ஆனால் மேலே, வேறு யாருடைய காணியிலோ ஒரு மேடு சரிந்து, ஓடை முழுக்கச் சேறாகிவிட்டது. டீ நிறத்தில் தொடங்கி, கடைசியில் குழைத்த சிமெந்து மாதிரி ஓடியது. நான் குடையோடு கரையில் நின்று பார்த்தேன். பயமாகத்தான் இருந்தது. ஆனால் ஓடிப்போகவில்லை. தண்ணீரைப் பார்க்கப் பார்க்க எனக்கு வந்தது கோபம்.

மழை விட்டு, தண்ணீர் தெளிந்ததும் இறங்கினேன். கல்லெல்லாம் மண்ணுக்குள் புதைந்து, அடி மெத்து மெத்தென்று கிடந்தது. மீன் இல்லை. மறுநாளும் இல்லை. ஒவ்வொரு காலையும் "இல்ல மிஸ்" என்று வாட்ஸ்அப்பில் குரல் அனுப்புவேன். அவள் "சரி அக்கா, நாளைக்கும் பாருங்க" என்று பதில் போடுவாள். போகப் போக அந்தப் பதிலில் குரல் இறங்கிக்கொண்டே போனது. ரோடு சரியாகாததால் அவளால் வரவும் முடியவில்லை.

ஒருநாள் அக்கே கறிக்குக் கொஹிலா பிடுங்கிக்கொண்டிருந்தாள். நானும் வாய்க்காலுக்குள் இறங்கி அவளுக்குக் கை கொடுத்தேன். ஒரு செடியை இழுத்ததும் வேரடியிலிருந்து தூசு மாதிரி ஏதோ கலைந்தது. கலைந்த தூசு திரும்பவும் ஒன்றாகச் சேர்ந்தது. குனிந்தேன். அரிசி மணி அளவில் மீன் குஞ்சுகள். கண் மட்டும்தான் பெரிதாகத் தெரிந்தது. உற்றுப் பார்த்தால் விலாவில் ஒரு பொட்டு, வாலடியில் ஒரு பொட்டு. அவற்றுக்குப் பின்னால், இருட்டில், வெளுத்த பெரிய மீன்கள் ஒன்றிரண்டு அசைந்தன. ஓடை சேறாக ஓடியபோது அவை வயல் பக்கத்து இந்த வாய்க்காலுக்குள் ஏறி ஒதுங்கியிருக்கின்றன.

"அக்கே, பிடுங்காதீங்க! பிடுங்காதீங்க!" என்று நான் கத்தியதில் அவள் கையிலிருந்த கிழங்கைத் தண்ணீரிலேயே போட்டுவிட்டாள். குனிந்து பார்த்தவள் சேறு ஒட்டிய கையாலேயே என் கன்னத்தைத் தடவினாள். மிஸ்ஸுக்குக் குரல் அனுப்பினேன். சிங்களமும் தமிழுமாக ஏதோ உளறினேன். உடனே அவளே கூப்பிட்டாள். மூக்கை உறிஞ்சுகிற சத்தம்தான் கேட்டது.

அன்றைக்கு அக்கே வீட்டில் கொஹிலாக் கறி இல்லை. பருப்புதான்.

ஒரே ஓடையை நம்பி ஒரு இனத்தையே விட்டுவைப்பது ஆபத்து என்று மிஸ் முன்பே சொல்லிக்கொண்டிருந்தாள். பெருமழைக்குப் பிறகு அவளுக்கு மேலே உள்ளவர்களும் அதை ஒப்புக்கொண்டார்கள். இதே மாதிரி நிழலும் கல்லும் வேரும் உள்ள இன்னொரு ஓடையைத் தேடி, தண்ணீரைச் சோதித்து, அனுமதி வாங்கி முடிப்பதற்குள் குஞ்சுகள் வளர்ந்து முட்டையிடும் அளவுக்கு வந்துவிட்டன. ஓடையும் அதற்குள் மண்ணைக் கழுவித் தன் கல்லை வெளியே கொண்டுவந்திருந்தது. ஒரு பகுதியை மட்டும் பிடித்து, காற்று நிரப்பிய பைகளில் போட்டு, வான் வண்டியில் ஏற்றினோம். அக்கேவும் நானும் பின் சீட்டில், மடியில் பைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். வளைவில் வான் திரும்பும்போதெல்லாம் அக்கே டிரைவரைத் திட்டினாள்.

அந்தப் புது ஓடையில் ஒருவர் தன் த்ரீவீல் ஆட்டோவை இறக்கிக் கழுவிக்கொண்டிருந்தார். சோப்பு நுரை தண்ணீரில் போனது. மிஸ்ஸின் முகம் மாறிவிட்டது. நான்தான் போய், சிங்களத்தில் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டுப் பேசினேன்.

"ஐயே, கொஞ்சம் கீழ தள்ளிக் கழுவுவீங்களா? இதுல மீன் விடப் போறோம்."

"என்ன மீன்? கறிக்கா?"

"கறிக்கு ஆகாது. வந்து பாருங்க."

ஈரக் கையைக் கட்டியிருந்த சாரத்தில் துடைத்துக்கொண்டு வந்தார். பைக்குள் முகத்தை வைத்துப் பார்த்தார். நேரம் எடுத்துப் பார்த்தார். பிறகு போய் வண்டியை ரோட்டுக்கு ஏற்றிவிட்டுத் திரும்பி வந்து, எங்களோடு நின்றார்.

பைகளைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, சூடு சமமாகும் வரை காத்திருந்து, வாயைத் திறந்தோம். அவை உடனே போகவில்லை. பையின் வாயருகே வந்து நின்று, வெளியே பார்த்து, உள்ளே திரும்பின. அக்கே பொறுமை இழந்து, "போங்கடா, இதுவும் தண்ணிதான்," என்றாள். ஒன்று போனது. அதன் பின்னால் எல்லாம் போயின.

எங்கள் கரையில் இப்போதும் மருந்தடிப்பதில்லை. ஒரு வருஷம் என்று தொரை சொன்னது பிறகு பேச்சில்லாமல் நீண்டுவிட்டது. மழை நாட்களில் அந்த வேலைக்குப் பெண்களிடையே போட்டிகூட இருக்கிறது. மகள் பெரிய வகுப்புக்கு வந்துவிட்டாள், தலையை அவளே பின்னிக்கொள்கிறாள். என் கணவர் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓடைக்கு வருவார். மீனைப் பார்க்க வந்ததாக இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

போன மாதம் அந்தப் புது ஓடையைப் பார்க்க மிஸ்ஸோடு போனேன். த்ரீவீல்காரர் எங்கள் வானைக் கண்டதும் ரோட்டிலிருந்தே கையை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தார்.

"பெட்டவ் இன்னவா! பெட்டவ் இன்னவா!"

குஞ்சு இருக்கு, குஞ்சு இருக்கு என்கிறார். மிஸ் செருப்பைக் கழற்றக்கூட நிற்கவில்லை, அப்படியே தண்ணீரில் இறங்கிவிட்டாள். அவர் முன்னால் நடந்து வழி காட்டினார். சத்தம் போட்டால் ஓடிவிடும் என்று எங்களுக்கே வாயில் விரல் வைத்துக் காட்டினார். நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவர்கள் பின்னால் இறங்கினேன்.